ஒப்பந்தம் முடிந்ததும் ஏரைப் பூட்டாதீர்கள்

இங்கிலாந்தில் பண்ணைக்காரர்களுக்குக் காகித வேலை பார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் போன மாதம் ஒரு விவசாயியிடம் போனில், சுற்றுச்சூழல் ஒப்பந்தம் முடிந்துவிட்டது, இனி உங்கள் இஷ்டம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். நிலத்தை இயற்கைக்கு ஏற்றபடி வைத்திருக்க அரசு விவசாயிக்குப் பணம் தரும் ஒப்பந்தம் அது. ஒரு காலத்தில் நானும் அதையேதான் சொன்னேன். அது தப்பு. ஒப்பந்தம் முடிந்தபின் நடக்கும் பெரிய தவறுகளை மட்டும் இங்கே சொல்கிறேன்; வரைபடத்தில் வயல் எண்ணை மாற்றிப் போடுவது மாதிரியான சில்லறைத் தவறுகளை விட்டுவிடுகிறேன்.

வருஷத்தைத் தப்பாக எண்ணுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

ஹையர் லெவல் ஸ்டூவர்ட்ஷிப் என்ற அரசுத் திட்டத்தின் ஒப்பந்தம் பெரும்பாலும் 10 ஆண்டுக்கானதாக இருந்தது. கோதுமை வயலைப் புல்லாக மாற்றிப் பணம் வாங்கியவர்கள், முடிந்ததும் பழையபடி உழலாம் என்றே கணக்குப் போட்டார்கள். பல சமயம் உழலாம்தான். ஆனால் 2006-இல் வந்த வேளாண் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு விதிகளுக்கு ஒப்பந்தத் தேதி பொருட்டே இல்லை. 15 ஆண்டுகளாக உழவோ உரமோ காணாத நிலம் சாகுபடி ஆகாத நிலம். அப்படிப்பட்ட நிலம் 2 ஹெக்டேரோ (சுமார் 5 ஏக்கர்) அதற்கு மேலோ இருந்தால், உழுவதற்கு முன் நேச்சுரல் இங்கிலாந்து என்ற அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்புக்கு ஸ்கிரீனிங் விண்ணப்பம் போட வேண்டும், அதாவது உழுதால் சுற்றுச்சூழலுக்குப் பெரிய பாதிப்பு வருமா என்று முன்கூட்டியே பார்க்கச் சொல்லும் விண்ணப்பம். அவர்கள் முடிவு சொல்ல 35 நாள்.

பத்து எப்படிப் பதினைந்தாகும்? என்னிடம் காகித வேலை கொடுத்திருந்த ஒரு விவசாயிக்கு ஆனது. 18 ஏக்கர் வயல். ஒப்பந்தம் 2008-இல் தொடங்கி, 2018-இல் முடிந்து, அப்புறம் ஆண்டுக்கு ஆண்டு நீட்டிப்பு. 2021-இல் உழலாமா என்று கேட்டார். 13 ஆண்டுதானே, தாராளமாக என்றேன். கடைசியாக எப்போது உழுதீர்கள் என்று நான் கேட்கவே இல்லை. உண்மையில் 2004-க்குப் பிறகு அந்த வயலில் ஏர் இறங்கவில்லை. நிலத்தில் ஒரு பங்கைப் பயிரிடாமல் விட வேண்டும் என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் கட்டாயத் தரிசு விதி இருந்த காலம் அது. சும்மா போட்டு வைத்திருக்கிறார். தானாக முளைத்த புல்லையே ஒப்பந்தத்திலும் ஏற்றுக்கொண்டார்கள், விதைக்கவே இல்லை. ஆக, 17 ஆண்டு.

பாதி உழுதபோது நிறுத்தச் சொல்லிக் கடிதம் வந்தது. பிறகு, திரும்பப் புல் விதைக்கும்படி உத்தரவு. செலவு முழுக்க அவர் தலையில். அதற்குப் பிறகு அவர் எனக்குப் போன் செய்ததே இல்லை.

ஆகவே கேட்க வேண்டியது ஒப்பந்தத் தேதியை அல்ல, கடைசி உழவை. விதை ரசீது, உரக் கணக்கு, தேதி போட்ட படம், எதாவது ஒன்று கையில் இருக்க வேண்டும். இன்னொன்று: காட்டுப் பூக்கள் நிறைந்த புல்வெளியாகிவிட்டால், 15 ஆண்டு ஆகாவிட்டாலும் அதே விதி பிடிக்கும்.

எஸ்.எஸ்.எஸ்.ஐ. நிலம்

1981 வனவுயிர்ச் சட்டத்தின் கீழ் சிறப்பு அறிவியல் முக்கியத்துவம் பெற்ற இடங்கள் இவை. ஒப்பந்தம் இருந்தவரை அதில் எழுதிய வேலைகளுக்கு அதுவே ஒப்புதல். முடிந்த பின், அந்த இடத்துக்கான பட்டியலில் இருக்கும் எந்த வேலைக்கும் தனி ஒப்புதல் வேண்டும். பட்டியலில் மேய்ச்சல் இருந்தால், நேற்று வரை மேய்ந்த அதே மாடுகளுக்கும்தான்.

ஒப்பந்தத்தில் நட்ட உயிர்வேலி

கேட்காமல் பிடுங்காதீர்கள்.

குத்தகை நிலம்

முதலில் குத்தகைப் பத்திரத்தைப் படியுங்கள்.

பையன் அன்று மாலையே அந்த விவசாயியைத் திரும்பக் கூப்பிட்டான். கடைசி உழவு 2010-ஆ 2011-ஆ என்று அவருக்கே நினைவில்லை. ரசீதைத் தேடிக்கொண்டிருக்கிறார்.