ஊரடங்கில் உடற்பயிற்சி: பால் காயும் நேரத்தில் பத்து பஸ்கி

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் பூங்காவும் ஜிம்மும் கடற்கரையும் மூடின. வருடக்கணக்கில் நடந்து பழகியவர்கள்கூட இரண்டே வாரத்தில் நடையை விட்டார்கள், சோம்பேறியாகிவிட்டோம் என்று தங்களையே திட்டிக்கொண்டார்கள். அந்தத் திட்டு நியாயமில்லை. ஆறு மணிக்கு கேட்டருகே காத்திருக்கும் நண்பர், பஸ் ஸ்டாப் வரை நடை, ஆபீஸ் மாடிப்படி என்று உடம்பை அசைய வைத்த கொக்கிகள் எல்லாம் ஒரே நேரத்தில் கழன்றுவிட்டன. வீட்டுக்குள் புதுக் கொக்கி மாட்டினால் ஆர்வம் பின்னாலேயே வரும்.

எது நடந்தாலும் தினமும் தவறாத ஒரு வேலையோடு பயிற்சியைக் கட்டுங்கள். காலையில் பால் காய்ச்சுவது மிக நல்ல கொக்கி. அரை லிட்டர் பால் சிறு தீயில் காய ஐந்து நிமிடமாவது ஆகும், அடுப்பை விட்டு நகரவும் முடியாது. அந்த நேரத்தில் பத்து பஸ்கி, அதாவது முழங்காலை மடக்கி உட்காருவதுபோல் இறங்கி எழுவது. “காலையில் செய்வேன்” என்று முடிவெடுத்தால் காலை முழுவதும் தள்ளிப்போடலாம். “அடுப்பில் பாலை வைத்ததும்” என்றால் தள்ளிப்போட இடமே இல்லை.

புதிதாகத் தொடங்குபவர்கள் நாற்காலி வைத்தே பஸ்கி எடுக்கலாம். பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகைச் சுவரோடு ஒட்டி வையுங்கள், இல்லாவிட்டால் டைல்ஸ் தரையில் வழுக்கிப் பின்னால் போகும். கால்கள் தோள் அகலம், விரல்கள் சற்றே வெளிப்பக்கம். மனதுக்குள் மூன்று எண்ணிக்கொண்டே இறங்கி, இருக்கை தொட்டதும் எழுந்துவிடுங்கள். தொப்பென்று உட்கார்ந்தால் தொடைக்கு வேலையே இருக்காது. எழும்போது முழங்கால்கள் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்தால் மூட்டு வலி வரலாம், எண்ணிக்கையைக் குறையுங்கள். நாற்காலி தாழ்வாகத் தெரிந்தால் ஒரு தலையணை போடுங்கள்.

தண்டாலுக்கும் படிப்படியான வழி உண்டு. முதலில் சுவரில் கை ஊன்றி, ஓரடி பின்தள்ளி நின்று செய்யுங்கள். 15 முறை வீதம் இரண்டு சுற்று சிரமமில்லாமல் வந்தால் சமையல் மேடை உயரத்துக்கு இறங்குங்கள் (அடுப்பு எரியும்போது வேண்டாம்). அதன்பின் மாடிப்படியின் மூன்றாம் படி, கடைசியில் தரை. முதுகுக்கு ஒரு மஞ்சப்பை போதும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டைப் போட்டால் இரண்டு கிலோ. ஒரு கையை நாற்காலியில் ஊன்றிக் குனிந்து, பையை இடுப்பை நோக்கி 12 முறை இழுங்கள், பிறகு கை மாற்றுங்கள். பழகியதும் பாட்டிலுக்குப் பதில் ஐந்து கிலோ அரிசிப் பை.

முதல் நாள் வேகத்தில் நூறு தோப்புக்கரணம் போடுவதுதான் பலரை நிறுத்திவிடும் தவறு. பழகாத தசையின் வலி ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போகும். மூன்றாம் நாள் கழிப்பறையில் குந்தவே முடியாதவருக்கு நான்காம் நாள் பயிற்சி நினைவுக்கு வந்தாலே பயம். முதல் வாரம் பத்தே போதும், இன்னும் பத்து முடியும் என்று தோன்றினாலும் நிறுத்திவிடுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பும், இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சியும். மூன்று வேளை சாப்பாட்டுக்குப் பிறகும் பத்துப் பத்து நிமிடம் நடந்தால் ஐந்து நாளில் 150 வந்துவிடும், சாப்பிட்டதும் ஏறும் சர்க்கரையும் அடங்கும். பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம். 30 அடி நீள மொட்டை மாடியில் போய்வந்தால் 18 மீட்டர், 40 சுற்றில் முக்கால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒரே பக்கம் திரும்பிக்கொண்டிருந்தால் ஒரே காலில் பளு விழும், எட்டு போட்டு நடப்பது அதற்கு நல்லது. வெறுங்காலோடு சிமெண்ட் தரையில் வாரக்கணக்கில் நடந்தால் குதிகால் வலிக்கும், ஷூ போட்டுக்கொள்ளுங்கள். நடைத் துணை பிரிந்துவிட்டதா? அதே ஆறு மணிக்கு போன் போட்டு, அவர் மாடியில் அவரும் உங்கள் மாடியில் நீங்களும் பேசிக்கொண்டே நடங்கள். மற்ற எல்லா யோசனைகளையும்விட இது நெடுநாள் தாங்கும்.

சமையலறை மாதக் காலண்டரில் செய்த நாளுக்கு ஒரு பெருக்கல் குறி போடுங்கள். எடையைத் தினமும் பார்க்க வேண்டாம், உப்பும் தண்ணீரும் அதை ஏற்றி இறக்கி மனதைக் கெடுக்கும். மாதம் இருமுறை, காலையில் வெறும் வயிற்றில், மூச்சை இயல்பாக விட்டு இடுப்பை டேப்பால் அளந்தால் போதும். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரை 12 வாரம் கவனித்ததில், ஒரு செயல் தானாக வரும் பழக்கமாக நடுவாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 வரை என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் கெடவில்லை என்பதும் அதில் தெரிந்தது. ஒரு கட்டம் காலியாக இருந்தால் வருந்தாதீர்கள், அடுத்த கட்டத்தை மட்டும் காலியாக விடாதீர்கள்.

கொரோனா வந்து போனவர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுக்கக் கூடாது. காய்ச்சலோடு பயிற்சி வேண்டவே வேண்டாம், கிருமி இதயத் தசையையும் தாக்கலாம். அறிகுறி எல்லாம் போய் ஏழு நாளாவது ஆன பிறகு, முதல் இரண்டு வாரம் மெதுவான நடையும் மூச்சுப் பயிற்சியும் மட்டும். நோய் கடுமையாக இருந்தவர்கள், சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர்கள், இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள். நடக்கும்போது நெஞ்சு வலி, படபடப்பு, தலைசுற்றல், வழக்கத்துக்கு மீறிய மூச்சிரைப்பு வந்தால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.