தீராத நோய் வந்த வீட்டில் கணவன் மனைவி சண்டை: எங்கிருந்து கிளம்புகிறது, எப்படித் தணிப்பது

புற்றுநோய் முற்றிவிட்டது, இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் வழி என்று டாக்டர் சொன்ன பிறகு, பல வீடுகளில் முதல் சண்டை சாப்பாட்டுத் தட்டில்தான் தொடங்கும். "இன்னும் ரெண்டே வாய்ங்க" என்பார் மனைவி. கணவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். தட்டு நகரும் சத்தத்தோடு அன்றைய பேச்சும் முடிந்துவிடும்.

இந்தக் கட்டத்தில் பசி போவது பிடிவாதம் அல்ல. சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. திணித்தால் வாந்தியும் புரையேறலும்தான் மிச்சம். ஆனால் சரிசெய்யக்கூடிய காரணங்களும் உண்டு. டார்ச் அடித்து வாயைப் பாருங்கள். நாக்கிலும் கன்னத்தின் உட்புறமும் திரிந்த பால் போல வெள்ளைப் படலம் இருந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். டாக்டரிடம் காட்டினால் மருந்து தருவார். மலம் போய் மூன்று நாள் ஆகியிருந்தாலும் சோறு இறங்காது. தாளிக்கும் வாசனை குமட்டலைக் கிளப்பும், அதனால் சமையல் நேரத்தில் கட்டிலைத் தள்ளிப் போடுங்கள். சூடாகக் கொடுப்பதைவிட ஆறவைத்துக் கொடுத்தால் வாசனை குறையும். பெரிய தட்டை எடுத்து வைத்துவிட்டு, சின்னக் கிண்ணத்தில் 3, 4 ஸ்பூன், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. வேண்டாம் என்றால் "சரி" என்று எடுத்துவிடுங்கள். பெருமூச்சு விடாமல்.

அடுத்தது மருந்து. டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரையைச் சாயங்காலம் கொடுத்தால் ராத்திரி தூக்கம் வராது, எரிச்சல் பொங்கும். "நோய் வந்ததிலிருந்து குணமே மாறிப்போச்சு" என்று பெண்டாட்டி அழுவாள். காலை உணவுக்குப் பின் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். கடும் வலிக்குத் தரும் மார்ஃபின், மெதுவாகக் கரையும் வகையாக இல்லாமல் சாதாரண மாத்திரை என்றால் பெரும்பாலும் 4 மணி நேரத்துக்கு ஒன்று எழுதுவார்கள். வலி வந்த பிறகு தரலாம் என்று காத்திருப்பதுதான் வழக்கமான தப்பு, கடிகாரப்படி கொடுங்கள். மலமிளக்கியை அன்றே தொடங்க வேண்டும், மார்ஃபின் மலச்சிக்கலைக் கொண்டுவராமல் விடாது. அடிமையாகிவிடுவார் என்று மாத்திரையை ஒளித்து வைக்கும் சொந்தக்காரர்களிடம் கண்டிப்பாக இருங்கள்.

இனி, நோயை மறைக்கும் விஷயம். வீடே சேர்ந்து "ஒண்ணுமில்ல, அல்சர்தான்" என்று சொல்லிக்கொண்டிருக்கும். அவருக்கோ பாதி தெரியும். இருவரும் ஒருவருக்கொருவர் நடித்து நடித்தே தூரமாகிப்போவார்கள். வலி மாத்திரை கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து, ஆள் இல்லாத நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, "டாக்டர் உங்ககிட்ட என்ன சொன்னார்? உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர் கேட்டதற்கு மட்டும் பதில். இத்தனை மாதம் என்று கணக்குச் சொல்ல வேண்டாம். தெரிந்துகொள்ள வேண்டாம் என்றால் அதுவும் அவர் உரிமை.

பார்த்துக்கொள்பவர் தூங்காத வீட்டில் எந்த அறிவுரையும் எடுபடாது. "உதவின்னா சொல்லுங்க அண்ணி" என்பவரிடம் உடனே வேலையைக் கொடுத்துவிடுங்கள்: சனி, செவ்வாய் ராத்திரி நீங்க படுங்க, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்க என்று. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் நோய்த்தணிப்பு சேவையும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

ஹாலில் கட்டில் போட்டதும் தொடுவது நின்றுபோகும். குளிப்பாட்டுவதும் துடைப்பதும் வேறு. சும்மா கையைப் பிடித்திருப்பது வேறு. காலில் எண்ணெய் தேய்க்கலாம், ஆனால் ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம்: தேய்க்காமல் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள்.

மனைவி படுத்திருந்தால் சிக்கல் வேறு மாதிரி. அடுக்களையை அம்மாவோ அக்காவோ எடுத்துக்கொள்வார்கள், அவர் தன் வீட்டிலேயே விருந்தாளி ஆகிவிடுவார். டப்பாவை இடம் மாற்றும் முன் அவரைக் கேளுங்கள். தெம்பாக இருக்கும் காலை வேளையில் நோட்டை எடுத்து உட்காருங்கள். அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள்: பால் கணக்கு, பிள்ளைகளின் ஃபீஸ் தேதி, அடகு ரசீது இருக்கும் இடம், உங்களுக்குத் தெரியாமல் கட்டிவரும் சீட்டு. அந்தச் சீட்டுக்காக அன்றைக்குக் கோபப்படாதீர்கள்.