பழைய இசைத்தட்டுகளைக் கணினிக்கும் சிடிக்கும் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடியாத்தத்தில் மைக் செட் வைத்திருந்த என் தாய்மாமா, வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கும் சுற்றுவட்டாரக் கல்யாணங்களுக்கும் போட்டுப் போட்டுத் தேய்ந்த இசைத்தட்டுகளை ஒரு தகரப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தார். அவருடைய மறைவுக்குப் பின் அந்தப் பெட்டி வேலூரில் உள்ள என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அவற்றை ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றி, சிடியில் எழுதி, சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க முயன்றபோது நான் செய்த தவறுகளில் சில பிறகு திருத்தக் கூடியவையாக இருந்தன. சில தட்டையே கெடுத்துவிட்டன. இந்த வேலையைத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் எந்த மென்பொருள் நல்லது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ஆனால் ஒலி கெடுவது பெரும்பாலும் கணினிக்குள் போவதற்கு முன்பே, முள்ளும் தட்டும் தொடுகிற இடத்தில்தான்.

முதல் தவறு, எல்லாத் தட்டுகளையும் ஒரே பொருளால் ஆனவை என்று நினைப்பது. 78 வேகத் தட்டுகள், அதாவது நிமிடத்துக்கு 78 முறை சுற்றுபவை, அரக்கும் கல்தூளும் கலந்து செய்யப்பட்டவை. கனமானவை, கீழே விழுந்தால் ஓடு போல உடைபவை. எல்.பி. என்னும் நீண்ட நேரத் தட்டுகளும் பிற்காலத்து ஈ.பி. என்னும் சிறிய தட்டுகளும் வினைல் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. ஓரளவு வளைந்து கொடுப்பவை. நம் நாட்டில் 1960களிலும் 78 தட்டுகள் வெளிவந்துகொண்டிருந்தன. ஆகவே பாட்டின் காலத்தை வைத்து முடிவு செய்யாமல், நடுவில் ஒட்டியுள்ள லேபிளைப் படித்து, தட்டைக் கையில் எடுத்தும் பார்க்க வேண்டும். இது தெரியாமல் நான் ஒரு நாகஸ்வரத் தட்டைப் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தேன். பஞ்சு கறுத்தது, துடைத்த இடம் பளபளப்பை இழந்து சாம்பல் பூத்தது. ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும். அந்த இடத்தில் இன்றும் முள் பட்டவுடன் மணலில் வண்டி ஓடுவது போன்ற இரைச்சல் எழுகிறது.

கழுவுவதற்குக் குழாய்த் தண்ணீரைப் பயன்படுத்துவது அடுத்த தவறு. எங்கள் பகுதி போர்வெல் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக உப்புப் படிகிறது. அதே உப்பு தட்டில் முள் ஓடும் வரிகளுக்குள்ளும் படியும். பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரில் பாத்திரம் கழுவும் சோப்பு நீரை ஓரிரு சொட்டு மட்டும் கலந்து, மெல்லிய மயிர்த் தூரிகையால் வரிகளின் போக்கிலேயே வட்டமாகத் துடைத்து, மறுபடியும் வெறும் டிஸ்டில்டு வாட்டரால் அலசி, நிழலில் செங்குத்தாக நிறுத்திக் காய வைக்க வேண்டும். லேபிளில் ஈரம் படக் கூடாது. அரக்குத் தட்டைத் தண்ணீரில் ஊற வைக்கக் கூடாது. எந்தத் தட்டையும் வெயிலில் காய வைக்கவே கூடாது. நம் ஊர்க் கத்திரி வெயிலில் வினைல் தட்டு சிறிது நேரத்திலேயே அப்பளம் போல நெளிந்துவிடும்.

முள்ளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எல்.பி. தட்டுக்கான முள்ளின் நுனி சுமார் 0.018 முதல் 0.025 மில்லிமீட்டர் ஆரம் கொண்டது. 78 தட்டின் வரி அகலமானது என்பதால் அதற்குச் சுமார் 0.076 மில்லிமீட்டர் ஆரமுள்ள முள் தேவை. எல்.பி. முள்ளை வைத்து 78 தட்டை ஓட்டினால், முள் வரியின் இரு சுவர்களிலும் தாங்கி நிற்காமல், காலங்காலமாகத் தூசி படிந்த அடிப்பகுதியில் உரசிக்கொண்டு போகும். பாட்டைவிட இரைச்சலே மிகுதியாகக் கேட்கும். மாமாவின் தட்டுகளைப் போல மைக் செட்டில் தேய்ந்தவற்றில், பழைய கனத்த முள் சுவரின் ஒரு குறிப்பிட்ட உயரத்தைத்தான் தேய்த்திருக்கும். அதைவிடச் சற்றுப் பெரிய அல்லது சிறிய நுனியுள்ள முள்ளைப் போட்டால், அது தேயாத உயரத்தில் உட்கார்ந்து, இனித் தேறாது என்று நினைத்த பாட்டையும் தெளிவாகக் கொடுப்பதுண்டு. முள் தாவுகிறது என்பதற்காகக் முள்ளைத் தாங்கும் கையின் மேல் நாலணாக் காசை வைக்கும் பழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும். முள்ளின் அசைவை மின்சாரமாக மாற்றும் காந்தக் கார்ட்ரிட்ஜ்களில் பெரும்பாலானவற்றுக்கு 1.5 முதல் 2 கிராம் அழுத்தம் போதும். அந்தக் காசின் எடையே அதைவிட அதிகம்.

வேகத்தைச் சரிபார்க்காமல் பதிவு செய்வதும் பலர் செய்வது. வேகம் ஆறு சதவீதம் கூடினால் சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை ஏறிவிடும். கர்நாடக இசை கேட்டுப் பழகிய காதுக்கு அது உடனே தெரியும். எல்.பி.யின் 33⅓ வேகத்துக்கு 180 கோடுகள் போட்ட ஸ்ட்ரோப் அட்டையைத் தட்டின் மேல் வைத்து, பழைய சோக்கு டியூப் லைட் வெளிச்சத்தில் பார்த்தால், வேகம் சரியாக இருக்கும்போது கோடுகள் அசையாமல் நிற்பதாகத் தோன்றும். நமது மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் வரும் கணக்கு இது. வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டு வந்த, 60 ஹெர்ட்ஸுக்குச் செய்யப்பட்ட பிளேயரின் மோட்டார் மின்சாரத்தின் அதிர்வெண்ணைச் சார்ந்து ஓடுவதாக இருந்தால், டிரான்ஸ்பார்மர் வைத்து வோல்ட்டைச் சரிசெய்த பிறகும் அது ஆறில் ஒரு பங்கு மெதுவாகவே ஓடும். மின்வெட்டு நேரத்தில் இன்வெர்ட்டரில் ஓட்டிப் பதிவு செய்வதையும் தவிர்க்க வேண்டும். சாதாரண இன்வெர்ட்டரின் உறுமல் பாட்டோடு சேர்ந்து பதிவாகிவிடும்.

பிளேயரின் வயரை மடிக்கணினியின் மைக் துளையில் நேரே செருகுவதுதான் எல்லோரும் செய்கிற தவறு. காந்தக் கார்ட்ரிட்ஜிலிருந்து வருவது சில மில்லிவோல்ட் மட்டுமே. அதைப் பெருக்கினால் மட்டும் போதாது. தட்டை வெட்டும்போது கீழ் ஒலிகளைக் குறைத்தும் மேல் ஒலிகளைக் கூட்டியும் வெட்டுவார்கள். அதற்கு 1954இல் ஆர்.ஐ.ஏ.ஏ. என்னும் பொது அளவு வகுக்கப்பட்டது. கேட்கும்போது அதைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். இந்த இரண்டு வேலைகளையும் செய்வது போனோ ப்ரீஆம்ப். அது இல்லையென்றால் பாட்டு தகர டப்பாவுக்குள் பாடுவது போலக் கேட்கும். யு.எஸ்.பி. பிளேயர்களில் அது உள்ளேயே இருக்கிறது. அதன் வெளியீட்டை மறுபடி ஆம்ப்ளிஃபயரின் போனோ துளையில் கொடுத்தால் ஒலி சிதறிவிடும். பழைய செராமிக் கார்ட்ரிட்ஜுக்குப் போனோ ப்ரீஆம்ப் பொருந்தாது. 78 தட்டுகளில் பெரும்பாலானவை இந்தப் பொது அளவுக்கு முந்தைய பல்வேறு அளவுகளில் வெட்டப்பட்டவை. அவற்றைப் பிறகு காதால் கேட்டுத்தான் திருத்த வேண்டும்.

பதிவின் அளவை வைக்கும்போது, தட்டில் மிக உரத்த இடத்தை முதலில் ஓட்டிப் பார்த்து, அங்கும் மீட்டர் மைனஸ் 6 டெசிபெலைத் தாண்டாதபடி வைக்க வேண்டும். பூஜ்யத்தைத் தொட்டு வெட்டுப்பட்ட ஒலியை எந்த மென்பொருளும் முழுதாக மீட்டுத் தராது. ஒலியில் ஒரு பகுதியை விட்டுவிடும் எம்.பி.3 ஆகப் பதிவு செய்யாமல், எதையும் விடாத வேவ் அல்லது ஃப்ளாக் கோப்பாக, முடிந்தால் 24 பிட்டில் பதிவு செய்வதே முறை. மோனோ தட்டாக இருந்தாலும் ஸ்டீரியோவிலேயே பதிவு செய்ய வேண்டும். வரியின் இரு சுவர்களும் தனித்தனித் தடங்களாகக் கிடைப்பதால், இரண்டையும் பிறகு ஒன்றாகக் கலக்கும்போது முள் மேலும் கீழுமாகத் துள்ளுவதால் எழும் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒரு சுவர் மட்டும் கெட்டிருந்தால் நல்ல சுவரை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

எனக்கு இன்றும் வருத்தம் தருவது இரைச்சலை நீக்குவதில் நான் காட்டிய ஆசை. அந்த நாகஸ்வரத் தட்டில், ஆலாபனை முடிந்து கீர்த்தனை எடுக்கும் இடத்தில் ஜால்ரா மிக மெல்லியதாக நுழையும். ஆடாசிட்டி என்னும் ஒலித் திருத்த மென்பொருளில் இரைச்சல் நீக்கியை முழு அளவுக்கு ஏற்றி ஓட்டினேன். சரசரப்பு அடியோடு போய்விட்டது. கூடவே ஜால்ராவும் போய்விட்டது. தவிலின் வலந்தலையில் விரல்கூடு விழும் கூர்மை மழுங்கி, ஈரத் துணியில் தட்டுவது போல ஆனது. நாகஸ்வரமோ தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலக் குழறியது. ஜால்ராவின் ஒலியும் சரசரப்பும் ஒரே உயர்ந்த அலைவரிசையில் இருப்பதால், மென்பொருளுக்கு அவற்றைப் பிரித்தறியத் தெரியாது. அதைவிடப் பெரிய தவறு, அந்தக் கோப்பை மூலக் கோப்பின் மேலேயே சேமித்தது. மூலப் பதிவைத் தொடாமல் தனியே வைத்துவிட்டு, அதன் பிரதியில்தான் எந்தத் திருத்தத்தையும் செய்ய வேண்டும். முதலில் ‘டக், டக்’ என்னும் கீறல் ஒலிகளையும், பிறகு பாட்டு தொடங்குவதற்கு முன்னுள்ள வெறும் வரியை மாதிரியாகக் கொண்டு சரசரப்பை 6 டெசிபெல் அளவுக்கும், கடைசியாக ஒலி அளவையும் சரிசெய்யலாம். கொஞ்சம் சரசரப்பு மிஞ்சினால் மிஞ்சட்டும். காது சிறிது நேரத்தில் அதை மறந்து பாட்டைக் கேட்கத் தொடங்கிவிடும்.

சிடியில் எழுதும்போது, கோப்புகளை அப்படியே டேட்டா சிடியாக எழுதிவிட்டுப் பழைய சிடி பிளேயரில் ஓடவில்லை என்பார்கள். ஆடியோ சிடி என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதில் 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட் அளவில் 80 நிமிடம் வரைதான் கொள்ளும். 78 தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடமே இடம் இருந்ததால், நீளமான பாட்டுகளை இரண்டு பக்கமாகப் பிரித்திருப்பார்கள். அவற்றைச் சேர்த்து ஒரே தடமாக்கலாம். சிடியின் மேல் காகித ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது. எழுதிய சிடியின் சாயம் வெயிலிலும் வெப்பத்திலும் கெடும் என்பதால், காரிலோ ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறையிலோ வைக்காமல், மூலக் கோப்பை இரண்டு தனித்தனி ஹார்ட் டிஸ்க்குகளிலும் வைத்திருப்பது நல்லது.

கோப்புக்குப் பாட்டின் முதல் வரியை மட்டும் பெயராக வைத்துவிட்டு, தட்டின் எண்ணையும் பாடியவர் பெயரையும் குறிக்காமல் விடுவதும் பிறகு வருந்த வைக்கும். லேபிளின் இரு பக்கங்களையும் படம் எடுத்துக் கோப்போடு வைக்க வேண்டும். சிடி தயாரானதும் தட்டுகளைப் பழைய பேப்பர்க் கடைக்குப் போட்டுவிடுகிறார்கள், அப்படிச் செய்யாதீர்கள். என் தகரப் பெட்டியில், இரண்டு ஆண்டுகளுக்கு முன் கரகரவென்று மட்டுமே ஒலித்த ஒரு தட்டைப் போன மாதம் வேறு அளவு முள்ளில் ஓட்டினேன். பாட்டு முடிந்ததும், இசைக் குழுவில் யாரோ மெல்ல மூச்சை விடுவது அதில் கேட்டது.