‘ரெபல் வித்தவுட் எ காஸ்’ பார்க்கும்போது ஜூம் வேண்டாம்

1955-இல் வந்த இந்த ஜேம்ஸ் டீன் படத்தை டிவியில் போட்டால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை தெரியும். அதை மறைக்க ஜூம் வைக்காதீர்கள். பிக்சர் சைஸ் 16:9-இலேயே இருக்கட்டும். இது சினிமாஸ்கோப் படம், அகலம் உயரத்தைப் போல 2.55 மடங்கு. திரை நிறைய ஜூம் செய்தால் இரு ஓரத்திலுமாகச் சுமார் 30 சதவீதம் போய்விடும். இயக்குநர் நிக்கோலஸ் ரேயோ ஓரங்களை வீணாக்காதவர். தொடக்கத்தில் வரும் போலீஸ் நிலையக் காட்சியில் கண்ணாடித் தடுப்புகளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக கதையின் முக்கியமான மூன்று பிள்ளைகளும் ஒரே ஃபிரேமில் இருப்பதைப் பாருங்கள், புரியும். செல்போனில் இரண்டு விரலால் விரித்தாலும் இதே கதைதான்.

பழைய டிவிக்காக 4:3-க்கு வெட்டிய பிரதி என்றால் எந்த செட்டிங்கும் உதவாது. வேறு பிரதி தேடுங்கள்.