குழந்தை அழறதுக்கு முன்னாடியே சொல்லிடுது, நாமதான் கவனிக்கிறதில்ல

என் பொண்ணு பிறந்து மூணாவது வாரம். தொட்டில்ல படுத்துக்கிட்டு கையை வாய்க்குள்ள திணிச்சுக்கிட்டு தலையை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு இருந்தா, நான் பக்கத்துல உக்காந்து துணி மடிச்சுக்கிட்டே எவ்ளோ சமத்தா விளையாடுறா பாருன்னு சந்தோஷப்பட்டுட்டு இருந்தேன். பத்து நிமிஷத்துல வீறிட்டு அழ ஆரம்பிச்சா, முகமெல்லாம் செவந்து போச்சு, பால் குடுக்கலாம்னு தூக்கினா மார்பைப் பிடிக்கவே மாட்டேங்குறா, வாய் வைக்கிறதும் விட்டுட்டு கத்துறதுமா இருக்கா. பால் பத்தலையோன்னு அன்னிக்கு ராத்திரி பூரா பயந்துட்டே கிடந்தேன். பாலெல்லாம் இருந்துச்சு, அவ பத்து நிமிஷமா கேட்டதுதான் எனக்குப் புரியல.

முதல் தவறு இதுதான், அழட்டும் அப்புறம் குடுக்கலாம்னு இருக்கிறது. அழுகை பசியோட கடைசி சிக்னல். அதுக்கு முன்னாடியே லேசா நெளியும், வாயைத் திறந்து திறந்து மூடும், நாக்கை நீட்டும், கன்னத்துல எது பட்டாலும் அந்தப் பக்கம் வாயைக் கொண்டு போகும், கையைச் சப்பும். அந்த நேரத்துல எடுத்தா அமைதியா குடிக்கும். அழ ஆரம்பிச்சிடுச்சுன்னா உடனே வாயில திணிக்காதீங்க, நெஞ்சோட தோல் படுற மாதிரி அணைச்சு கொஞ்சம் ஆட்டி அடங்கின பிறகு குடுங்க.

பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை வரைக்கும் குடிக்கும், சாயங்காலம் ஆனா அரை மணிக்கொரு தரம் கூட கேக்கும், அதனால இப்பத்தானே குடிச்சான்னு மணியைப் பாத்து மறுக்காதீங்க. ஆனா பசிச்சா தானா கேக்கும்னு முதல் ரெண்டு வாரம் அப்படியே விட்டுடவும் கூடாது. குறைமாசத்துல பிறந்தது, மஞ்சள் காமாலை இருக்கிறது எல்லாம் ரொம்பத் தூங்கும், கேக்கவே கேக்காது, பிறந்தப்போ இருந்த எடையைத் திரும்பப் பிடிக்கிற வரைக்கும் எழுப்பித்தான் குடுக்கணும், எவ்ளோ நேரத்துக்கு ஒரு தடவைன்னு டாக்டர்கிட்ட கேட்டு வெச்சுக்கோங்க.

போதும்னு சொல்றதையும் பாருங்க. சப்புற வேகம் குறையும், இறுக்கி மூடியிருந்த கை தளர்ந்து விரியும், முகத்தைத் திருப்பிக்கும். பாட்டில்ல இன்னும் கொஞ்சம்தானே இருக்குன்னு உள்ள தள்றது வேண்டாமே, மிச்சம் போனா போகட்டும்.

எனக்கு ரொம்ப மனசு கஷ்டமா இருக்கிறது அடுத்த விஷயம்தான். குழந்தையைப் பாக்க வந்தவங்க ஒருத்தர் கிலுகிலுப்பையை முகத்துக்கு நேரா ஆட்டிட்டே இருந்தாங்க. முதல்ல கண் விரிய பாத்தா. அப்புறம் முகத்தை இடது பக்கம் திருப்பினா, அவங்களும் இடது பக்கம் போய் ஆட்டினாங்க. வலது பக்கம் திருப்பினா, அங்கயும் போனாங்க. விக்கல் வந்துச்சு, விரலெல்லாம் விறைச்சு விரிஞ்சுது, முதுகை வில்லா வளைச்சா, அப்புறம் ஒரே அழுகை. "ஐயோ பசிக்குது போல, பால் குடும்மா"ன்னு சொன்னாங்க. பசி இல்ல, அரை மணி முன்னாடிதான் குடிச்சிருந்தா. முகத்தைத் திருப்பினது என்னைப் பிடிக்கலன்னு அர்த்தம் இல்ல, கொஞ்சம் நேரம் விடுங்கன்னு அர்த்தம். பேசாம பத்து செகண்ட் காத்திருந்தா அதுவே திரும்பி நம்மளைப் பாக்கும், அப்போ பேசினா எவ்ளோ ஆசையா கேக்கும் தெரியுமா.

தூக்கமும் இப்படித்தான், கொட்டாவி விட்டு கண்ணைக் கசக்கி அழற வரைக்கும் விட்டா அப்புறம் தூங்க வைக்கிறதுக்குள்ள நம்ம உயிர் போயிடும். முதல் சில வாரம் ஒரு மணி நேரம் முழிச்சிருந்தாலே அதிகம். என் பொண்ணுக்கு புருவத்துக்கிட்ட லேசா செவக்கும், ஒரே இடத்தை வெறிச்சுப் பாப்பா, அதைக் கண்டுபிடிச்சதே அவ அப்பாதான். உங்க குழந்தைக்கு வேற ஒண்ணா இருக்கும், காதை இழுக்கலாம். அதே மாதிரி கையை வாயில வைக்கிறது எப்பவுமே பசின்னும் நினைக்காதீங்க, ரெண்டு மூணு மாசத்துக்கு மேல சும்மா ருசி பாக்கவே வைக்கும், கடைசியா எப்போ குடிச்சுதுன்னு யோசிச்சு மத்த அடையாளத்தோட சேத்துப் பாருங்க.

ராத்திரி லேசா முனகினாலே தூக்கிடுறதும் உண்டு. பிறந்த குழந்தையோட தூக்கத்துல பாதிக்கிட்ட அசைவு நிறைஞ்ச தூக்கம்தான், முனகும், சிரிக்கும், கை கால் உதறும், கண்ணு கூட அரைகுறையா திறக்கும். கொஞ்ச நேரம் பாத்துட்டு தூக்குங்க, இல்லன்னா தூங்குற குழந்தையை நாமே எழுப்பி விட்டதா ஆயிடும்.

தூக்கித் தூக்கி கெடுத்துடாதன்னு யாராவது சொன்னா பெருசா எடுத்துக்காதீங்க. சில்வியா பெல், மேரி அயின்ஸ்வொர்த்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் 26 குழந்தைகளை முதல் வருஷம் முழுக்க கவனிச்சு 1972-ல எழுதினாங்க, அழுதப்போ அம்மா சீக்கிரம் போய் கவனிச்ச குழந்தைங்க வருஷக் கடைசியில கம்மியாதான் அழுதுச்சாம். பின்னாடி வந்த ஆய்வாளர்கள் இதுல மாறுபட்டும் வாதாடியிருக்காங்க, ஆனாலும் சின்னக் குழந்தையைத் தூக்கினதால கெட்டுப் போகும்னு பயப்பட வேண்டியதில்ல.

எல்லாம் சரியா பண்ணியும் அழும், அதையும் சொல்லிடறேன். 6 வாரம் வாக்குல அழுகை உச்சத்துக்குப் போகும், மூணு நாலு மாசத்துல தானா குறையும். கை நடுங்குற அளவுக்கு கோவம் வந்தா குழந்தையை தொட்டில்ல மல்லாக்கப் படுக்க வெச்சுட்டு ரெண்டு நிமிஷம் வெளிய போய் நில்லுங்க, தப்பே இல்ல. எந்தக் காரணத்துக்காகவும் குலுக்கக் கூடாது, மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சிடும்.

ஆனா எப்பவும் அழற மாதிரி இல்லாம கீச்சுன்னோ ரொம்ப பலவீனமாவோ அழுதா, எழுப்பினாலும் முழிக்கலன்னா, பால் வேண்டாம்னு விட்டுட்டே இருந்தா, ஒண்ணுக்கு போறது குறைஞ்சா, மூணு மாசத்துக்கு உள்ள இருக்கிற குழந்தைக்கு உடம்பு சூடு 38 டிகிரி செல்சியஸ் தொட்டா, வீட்ல வெச்சு சிக்னல் பாத்துட்டு இருக்காதீங்க. ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் டாக்டர்கிட்ட கிளம்பிடுங்க.