பென்ஜிங்: கத்திரிக்கோலைக் கொஞ்சம் கீழே வையுங்கள்

குவாங்சோவின் ஃபாங்சுன் பூச்சந்தையில் போன மாதம் ஒரு பையன் சீன எல்ம் கன்று வாங்கினான். தட்டுக்குள் மரமும் மலையும் காட்டும் பென்ஜிங் வேலைக்குத்தான். காசு கொடுத்த கையோடு அங்கேயே நுனிகளை நறுக்கத் தொடங்கிவிட்டான். பதினோரு வருடத்துக்கு முந்தைய என்னையே பார்த்த மாதிரி இருந்தது. தண்ணீர் எவ்வளவு, வெயில் எவ்வளவு என்பதெல்லாம் கன்று விற்பவரே சொல்லிவிடுவார். புதிதாகத் தொடங்குபவர்கள் தடுமாறும் மற்ற இடங்களை நான் சொல்கிறேன்.

போன்சாயின் நகல் என்று நினைப்பது

தலைகீழ். சீயானுக்கு அருகே 706-இல் கட்டப்பட்ட இளவரசர் ஜாங்ஹுவாய் கல்லறைச் சுவரில், சிறு கற்களும் செடியும் வைத்த தட்டை ஏந்தி நிற்கும் பணியாளரின் ஓவியம் இருக்கிறது. இந்தக் கலை ஜப்பானுக்குப் போனது அப்புறம்தான்.

சீக்கிரம் வெட்டுவது

இந்தப் பக்கத்து லிங்னான் முறையில், கிளையை வளைக்கச் சுற்றும் கம்பியைவிடக் கத்திரிக்கோலுக்குத்தான் வேலை அதிகம். கிளையை வளரவிட்டு வெட்ட வேண்டும். மறுபடி வளரவிட்டு வெட்ட வேண்டும். எல்லாரும் 'வெட்டு' என்பதைப் பிடித்துக்கொள்கிறார்கள், 'வளரவிட்டு' காதில் விழுவதில்லை. எனக்கும் விழவில்லை.

கிளையைப் பருக்க வைப்பது இலை. நுனி இஷ்டத்துக்கு நீண்டு இலை பெருகினால்தான் அடி தடிக்கும். நுனியை நறுக்கிக்கொண்டே இருந்தால் கிளை குச்சியாகவே நின்றுவிடும். ஆகவே தண்டுக்குப் பொருந்தும் அளவு தடிக்கும்வரை, இரண்டு மூன்று வருடமானாலும், அதைத் தொடக் கூடாது. பிறகு அடியில் கொஞ்சம் விட்டு வெட்டுங்கள். அங்கே கிளம்பும் துளிர்களில் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு, அவை முதல் துண்டைவிடச் சற்றே மெலிதாகத் தடிக்கும்வரை மீண்டும் காத்திருக்க வேண்டும். இப்படி நாலைந்து சுற்று போனால்தான் மான்கொம்புக் கிளையும் கோழிக்கால் கிளையும் அமையும் (இங்குள்ளவர்கள் வைத்த பெயர்கள்தான்). பத்துப் பதினைந்து வருட வேலை. அதுவரை மரம் தலைவிரி கோலமாக நிற்கும். அதைத்தான் நம்மால் சகிக்க முடிவதில்லை.

நான் நாலு வருடம் வாராவாரம் நறுக்கினேன். பச்சை உருண்டையாக, படம் எடுக்கத் தோதாக இருந்தது. குளிர்காலத்தில் இலைகளை முழுக்க உருவிக் கிளைகளைக் காட்டும் வழக்கம் இங்கே உண்டு. 'ஆடை களைந்து பட்டு உடுத்துவது' என்பார்கள். நானும் உருவினேன். பட்டாவது ஒன்றாவது! பருத்த தண்டில் துடைப்பக் குச்சிகளைச் செருகினாற்போல இருந்தது. மாடி வீட்டு முதியவர், நான் சீஃபூ (குரு) என்று கூப்பிடுபவர், எதுவும் பேசாமல் என் கத்திரிக்கோலை வாங்கி எல்லாக் கிளைகளையும் ஒட்ட வெட்டினார். நாலு வருடம் குப்பைக்கூடைக்குப் போனது. இப்போது நினைத்தாலும் எரிச்சல்தான். அவர்மேல் இல்லை.

கம்பி

கட்டலாம். கிளையைத் திருப்பும், தடிக்க வைக்காது.

களிமண் மீனவர்

தட்டில் மரத்தடியில் வைக்கும் பொம்மைதான். ஒருவர் போதும். மரம் பெரிதாகத் தெரிய வேண்டுமென்றால் அவர் சிறியவராக இருக்கட்டும்.

வரவேற்பறையில் வைப்பது

விருந்தாளி வருகிற அன்றைக்கு மட்டும்.