காஸ் எயார்சொஃப்ட் துவக்கு: வன்னியில் செய்யக்கூடாத பிழைகள்

வெளிநாட்டில் வளர்கிற பெடியளுக்கு எயார்சொஃப்ட் ஒரு வார இறுதி விளையாட்டு. 6 மில்லிமீற்றர் பிளாஸ்ரிக் உருண்டையைச் சுடுகிற, பார்வைக்கு அசல் துவக்கு மாதிரியே இருக்கிற சாமான். கிளிநொச்சியிலும் புதுக்குடியிருப்பிலும் இருக்கிற மச்சான்மாருக்கு வீடியோ பார்த்தே பாதி விஷயம் தெரியும். "வரேக்க ஒண்டு கொண்டு வாடா" என்ற கதை அங்கேதான் தொடங்குகிறது. ஆனால் அந்த வீடியோக்களில் சொல்லப்படுவது பெரும்பாலும் குளிர்நாட்டுக்கான புத்தி. வன்னியில் அப்படியே செய்தால் பல இடத்தில் தலைகீழாகப் போகும்.

முதல் பிழை சாமான் கைக்கு வருவதற்கு முன்பே நடக்கிறது. விளையாட்டுப் பொருள்தானே என்று உடுப்புக்குள் சுற்றிப் பெட்டியில் வைப்பது. கட்டுநாயக்காவில் பெட்டியை ஸ்கான் பண்ணுகிறவருக்குத் திரையில் தெரிவது ஒரு கைத்துப்பாக்கி, அவ்வளவுதான். இலங்கையில் சுடுகலன்களுக்கென்று 1916ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. இன்று அனுமதி என்று போனால் பாதுகாப்பு அமைச்சிடம்தான் போக வேண்டும். எழுத்தில் அனுமதி இல்லாமல் கொண்டுவரவே வேண்டாம். லண்டன் கடை ரசீதைக் காட்டித் தப்பலாம் என்று நினைக்க வேண்டாம். பிரித்தானியாவிலேயே உருண்டை வெளியேறுகிற சக்தி தனிச்சூட்டுக்கு 2.5 ஜூல், தொடர்சூட்டுக்கு 1.3 ஜூல் என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் கோடு போட்டிருக்கிறது. இந்த விளையாட்டு பிறந்த ஜப்பானில் 0.98 ஜூலைத் தாண்டக்கூடாது. ஓரிடத்தில் விளையாட்டுச் சாமானாக இருப்பது இன்னோரிடத்தில் ஆயுதம். இந்தத் துவக்குக்கு நிரப்புகிற காஸ் ரின்னில் இருப்பதோ பெரும்பாலும் எரியக்கூடிய வாயு. அதை எந்தப் பயணப் பையிலும் விமானத்தில் ஏற்ற முடியாது.

சரி, அனுமதியோடு முறையாக வந்த ஒன்று கையில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். சுருள்வில்லில் ஓடுவது, பற்றரியில் ஓடுவது, காஸில் ஓடுவது என்று எயார்சொஃப்டில் மூன்று வகை. காஸ் வகைக்கு ஏன் இவ்வளவு மவுசு என்றால், அது உதைக்கும். உருண்டைகளைப் போடுகிற, கழற்றி மாட்டும் கூடான மகசீனுக்குள் காஸ் திரவமாக நிற்கிறது. விசையை இழுத்ததும் உள்ளே சுத்தியல் வால்வைத் தட்டும். பீறிடுகிற வாயு உருண்டையைத் தள்ளிவிட்டு, மிச்சத்தால் மேலே இருக்கும் ஸ்லைட்டைப் பின்னுக்கு அடிக்கும். கையில் அந்த அதிர்வு, காதில் அந்த 'டக்' சத்தம், விசையை இழுத்த அதே கணத்தில் சூடு. பற்றரி சார்ஜ் பண்ணத் தேவையில்லை, கரண்ட் போனாலும் கவலையில்லை. பாதகம் என்றால், கைத்துப்பாக்கி மகசீனில் இருபது முப்பது உருண்டைக்கு மேல் பிடிக்காது, காஸுக்குக் காசு போய்க்கொண்டே இருக்கும், பற்றரித் துவக்கு மாதிரி ஒவ்வொரு சூடும் ஒரே வேகத்தில் போகாது.

வன்னியில் எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம் வெயில்தான். திரவக் காஸின் அழுத்தம் வெப்பநிலையோடு சேர்ந்து ஏறும். ஐரோப்பாவில் மார்கழிக் குளிரில் காஸ் துவக்கு தூங்கிவிடும். அதனால்தான் அங்கே மகசீனைச் சட்டைப் பைக்குள் வைத்துச் சூடாக்குகிறார்கள், சிலர் வெந்நீரில்கூட வைக்கிறார்கள். அதைப் பார்த்து இங்கேயும் செய்வது சுத்தப் பைத்தியக்காரத்தனம். கிரீன் காஸ் என்று விற்பது அடிப்படையில் புரொப்பேன், கொஞ்சம் சிலிக்கன் எண்ணெய் கலந்தது. 20 பாகை செல்சியஸில் அதன் அழுத்தம் 8 பார் சொச்சம். மாங்குளத்து மத்தியானம் 33 பாகை என்றால் அதே காஸ் 11 பாரைத் தாண்டும். ஜப்பானியத் துவக்குகளில் பல 134ஏ என்ற மென்மையான காஸுக்குச் செய்தவை. அந்த 134ஏ வன்னி வெயிலில் கொடுக்கிற அழுத்தம், 20 பாகையில் புரொப்பேன் கொடுக்கிற அளவு. அதாவது இங்கே பலவீனமான காஸே தாராளம். "பவர் காணாது" என்று பிளாஸ்ரிக் ஸ்லைட் உள்ள துவக்குக்குக் கிரீன் காஸ் அடித்தால் ஸ்லைட் ஒருநாள் வெடித்துப் பிளக்கும்.

சில துவக்குகளில் இந்தக் காஸுக்குப் பதிலாகப் போடுகிற காபனீரொட்சைட்டுக் குப்பி இன்னும் மோசம். அந்த 12 கிராம் குப்பி 20 பாகையிலேயே 57 பார் அழுத்தத்தில் இருக்கிறது. 31 பாகையைத் தாண்டினால் உள்ளே திரவம் என்று ஒன்றே இருக்காது. அதற்குமேல் அழுத்தம் கிடுகிடுவென்று ஏறும். ஏ9 வீதியோரம் வெயிலில் நிற்கிற வானின் டாஷ்போட்டில் அதை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். விளையாடி முடிந்ததும் குப்பியைக் கழற்றிவிடுங்கள், இரவு முழுக்க உள்ளே விட்டால் ரப்பர் வளையம் நைந்துபோகும்.

காஸ் முடிந்ததும் சமையலறைச் சிலிண்டர் பக்கம் கண் போவது அடுத்த பிழை. "அதுவும் புரொப்பேன்தானே அண்ணை?" புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. எந்த விகிதத்தில் என்பதைப் பற்றி 2021 கடைசியில் வீடுகளில் அடுப்புகள் வெடித்தபோது நாடே சண்டை பிடித்தது. அதில் சிலிக்கன் எண்ணெய் இல்லை, நாற்ற மருந்து இருக்கிறது, சிலிண்டரில் இருந்து சின்ன மகசீனுக்கு மாற்றுகிற வேலையில் கசிகிற காஸ் நிலத்தோடு படிந்து அடுப்படி வரை போகும். செய்யவே கூடாது. ஏசி திருத்துகிற கடையில் கிடைக்கும் 134ஏ ரின்னில் வேறு எண்ணெயும் சாயமும் கலந்திருக்கலாம், அதையும் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

காஸ் நிரப்பும்போது மகசீனைத் தலைகீழாகப் பிடித்து, ரின்னையும் தலைகீழாக நேர்மேலே வைத்து அமத்துங்கள். சரித்துப் பிடித்தால் திரவம் இறங்காது, வெறும் ஆவிதான் போகும். பிறகு "மகசீன் பழுது" என்று குறை சொல்லுவோம். எடுத்து வைக்கும்போது காஸை முழுக்க வெளியேற்றாமல் கொஞ்சம் மிச்சம் விட்டால் ரப்பர் வளையங்கள் காய்ந்து சுருங்காது. அப்புறம் எங்கள் செம்மண் புழுதி. வால்வு வாயில் அது எண்ணெயோடு சேர்ந்து பசையாகிவிடும். ஒரு ரப்பர் வளையம் கிழிந்தால் பரந்தனில் எந்தக் கடையில் போய்க் கேட்பது? உதிரி வளையங்களைத் துவக்கோடேயே வாங்கிவிடுவது புத்தி.

உருண்டையிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 0.20 கிராம் உருண்டை செக்கனுக்கு 100 மீற்றர் வேகத்தில் போனால் 1 ஜூல். சோழகம் வீசுகிற மாதங்களில் அந்த எடை காற்றோடு போய்விடும் என்பதால் 0.28க்கு மாறுவார்கள். காஸ் துவக்கில் எடை கூடிய உருண்டை குழாய்க்குள் அதிக நேரம் நின்று அதிக சக்தியை வாங்கிக்கொள்ளும். 0.20ல் அளந்த ஜூல் கணக்கை நம்பிக் கிட்ட நின்று சுட்டால் தோல் பிளக்கும். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போதாது. ஈஎன் 166 என்ற ஐரோப்பியத் தரத்தில் 'பி' என்று குறியிட்ட, கண்ணைச் சுற்றி மூடுகிற பாதுகாப்புக் கண்ணாடிதான் சரி.

தோட்டக்காரர் கேட்கிற கேள்வி வேறு: குரங்குக்கும் மயிலுக்கும் இது உதவுமா? உதவாது. நாற்பது மீற்றருக்கு அப்பால் தென்னை உச்சியில் இருக்கிற குரங்குக்கு அது தூறல். கிட்ட என்றால் கண் போகும். மயில் விஷயத்தில் 1937ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். யானைக்கு முன்னால் இதை நீட்டுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம், அதற்கு வனஜீவராசிகள் திணைக்களம் கொடுக்கிற யானைவெடிதான்.

விளையாடும் இடம் பார்க்கும்போது ஒதுக்குப்புறப் பற்றைக்காடுதான் வசதி என்று படும். வன்னியில் அந்த எண்ணம் ஆபத்து. முகமாலைப் பக்கம் போன்ற இடங்களில் எத்தனை வருடம் மிதிவெடி கிண்டினார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். எச்சரிக்கைப் பலகை இல்லாத பற்றைக்குள்ளும் விழுந்து படுத்து உருள வேண்டாம். உழுது பயிர் செய்த காணி, அல்லது மதில் கட்டிய வளவு போதும்.

அங்கேயும் கிராம சேவையாளருக்கும் பொலிஸுக்கும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே சொல்லுங்கள், அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் சொல்லுங்கள். உருமறைப்பு உடுப்பு வேண்டாம், பழைய ஜேர்சி போதும். மோட்டார்சைக்கிளில் கொண்டு போகும்போது மகசீன் வேறு பையில், துவக்கு சிப் பூட்டிய பையில். சோதனைச்சாவடியில் மறித்தால் அந்தப் பைக்குள் நீங்களாகக் கையை விடாதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பதை வாயால் சொல்லிவிட்டு, அனுமதிக் கடிதத்தை நீட்டுங்கள்.